வாக்குத்தத்த அட்டையும் கரையான் அரித்த நோட்டுகளும்: அடிமேல் அடி விழும்போது விசுவாசத்தில் நிலைத்திருக்க ஒரு வழிகாட்டி

2019 டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும், தட்டில் கவிழ்த்து வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் (புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம்) ஒன்றை எடுத்தேன். எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று இருந்தது. அந்த நவம்பரில்தான் எங்கள் ஸ்டேஷனரி கடைக்கு வங்கியில் கடன் வாங்கி, ஜூன் மாதப் பள்ளித் திறப்பை நம்பி நோட்டுகளை வாங்கி அடுக்கியிருந்தோம். அட்டையைக் கணவரிடம் காட்டினேன். இருவரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஜூனில் பள்ளிகள் திறக்கவில்லை. மழை பெய்த ஒரு நாள் பின்னறையில் பெட்டியைத் திறந்தால், ஓரங்களைக் கரையான் தின்று நோட்டுகள் ஒன்றோடொன்று மண்ணாய் ஒட்டியிருந்தன. அக்டோபரில் கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தோம். அன்றைக்கு ராத்திரி வேதத்தைத் திறந்தபோது அந்த அட்டை கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிய எனக்கு மனம் வரவில்லை.

விசுவாசத்தை விட்டுவிடவும் தெரியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் கிடந்த அந்த மாதங்களில், என்ன செய்யலாம் என்று யாராவது வரிசையாகச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருப்பது வேலை இழப்பாக இருக்கலாம், நின்றுபோன கல்யாணமாக இருக்கலாம், கலைந்த கருவாக இருக்கலாம், மூன்றாம் முறையும் கைவிட்டுப்போன தேர்வாக இருக்கலாம். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்தால் நல்லது. முக்கியமாக, முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

முதல் படி: சாப்பிடுங்கள், தூங்குங்கள்

அடி விழுந்த முதல் வாரத்தில் பெரிய ஆவிக்குரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். நாற்பது நாள் உபவாசம், ராத்திரி முழுக்க முழங்காலில் நிற்பது, இனி கோவிலுக்கே போவதில்லை என்ற சபதம், எல்லாவற்றையும் தள்ளிப் போடுங்கள்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் ஒரு மிரட்டலில் உடைந்துபோய் வனாந்தரத்துக்கு ஓடுகிறார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். அந்த நேரத்தில் தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். இரண்டாம் முறை எழுப்பியபோதும் சாப்பாடுதான். ஓரேப் மலையில் ஆண்டவரோடு நடந்த பேச்சு, அந்த மெல்லிய சத்தம், எல்லாம் நாற்பது நாள் நடந்தபிறகு வந்தவை.

அதனால் மூன்று வேளை சாப்பாடு, ராத்திரி பத்து மணிக்குப் படுக்கை, காலையில் கொஞ்சம் வெயில். இதையும் பக்தியாகவே செய்யுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் பிடிக்கவில்லை, எதைத் தொட்டாலும் அழுகை வருகிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அடையைச் சுட்டுக் கொடுத்தது யார் என்று அவர்களைக் கேளுங்கள்.

இரண்டாம் படி: ஆண்டவரைப் பற்றிய புகாரை ஆண்டவரிடமே சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நாள் தடுமாறினேன். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே, எது நடந்தாலும் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிப் பழக்கம். கால் இடறினாலும் ஸ்தோத்திரம்தான். கடை மூடிய அன்றும் வாய் அதைச் சொன்னது. உள்ளே வேறொன்று கொதித்துக்கொண்டிருந்தது. இப்படி வாயும் மனமும் வேறுவேறாகப் போய்க்கொண்டிருந்தால், கொஞ்ச நாளில் ஜெபம் தானாக நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நின்றது.

வேதத்திலுள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். தேவனுடைய ஜனம் ஆலயத்தில் பாடிய பாட்டுகளில் அவ்வளவு புகாருக்கு இடம் இருந்திருக்கிறது. 13ஆம் சங்கீதத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம்.

முதல் இரண்டு வசனம் முழுக்கக் கேள்வி. "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று நேருக்கு நேர் கேட்கிறார் தாவீது. அடுத்த இரண்டு வசனம் விண்ணப்பம்: என்னை நோக்கிப் பாரும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டு வசனத்தில் நம்பிக்கை வருகிறது. நடுவில் தாவீதின் பிரச்சினை தீர்ந்ததாக ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு நோட்டை எடுத்து (எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை) இதே அமைப்பில் எழுதுங்கள். "எதுவரைக்கும்" என்று தொடங்கி நாலு வரி. பொதுவாக எழுதாதீர்கள், நடந்ததைப் பேர் சொல்லி எழுதுங்கள். "எதுவரைக்கும் நான் பால்காரருக்குப் பயந்து முன்கதவைச் சாத்தியே வைத்திருப்பேன்?" என்பது நான் எழுதிய முதல் வரி. அப்புறம் என்ன வேண்டும் என்று இரண்டு வரி. நம்பிக்கை வரி வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் இடம் விட்டு வையுங்கள். 88ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். என் நோட்டில் அந்த இடம் ஏழு வாரம் காலியாகக் கிடந்தது.

கோபமாகப் பேசினால் ஆண்டவர் தண்டித்துவிடுவாரோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிலுவையில் தொங்கியபடி "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று 22ஆம் சங்கீதத்தின் வார்த்தையால் கதறியவரைத்தான் நாம் ஆண்டவர் என்கிறோம். "ஏன்" என்று கேட்டாலும், அவர் அதை "என் தேவனே" என்று கூப்பிட்டுத்தான் கேட்டார்.

மூன்றாம் படி: வாக்குத்தத்தத்தை அது எழுதப்பட்ட இடத்தில் வைத்துப் படியுங்கள்

உங்கள் கையில் இருக்கும் வசனம் எதுவானாலும், அந்த அதிகாரத்தை முழுதாகவும், முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். நான் கடை மூடியபிறகுதான் இதைச் செய்தேன், முன்னமே செய்திருக்க வேண்டும்.

எரேமியா 29 ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருப்பதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தை எடுத்து உடைத்துப்போடுகிறான். ஜனங்களுக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. அதை வாசித்த பெரியவர்களில் பலர் சொந்த ஊரை மறுபடி பார்த்திருக்கவே முடியாது. "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற நம் அட்டை வசனம், அந்த எழுபது வருஷத்துக்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது.

சரி, அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. இதைப் படித்த அன்று என் அட்டை பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. நான்தான் அதை அனனியாவின் குரலில் வாசித்துவிட்டேன். அட்டையை எடுத்துத் துடைத்து, மறுபடி எரேமியாவிலேயே வைத்தேன்.

நான்காம் படி: காரணம் சொல்ல வருகிறவர்களிடம் எச்சரிக்கை

வருவார்கள். "ஏதோ மறைவான பாவம் இருக்கும்", "தசமபாகம் சரியாகக் கொடுத்தீர்களா?", "மூதாதையர் சாபம், முறித்து ஜெபிக்கணும்". நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்களும் இதில் உண்டு.

எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு நாள், இராப்பகலாகத் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்களைப்போல நல்ல நண்பர்கள் இல்லை. வாயைத் திறந்து அவர் பாவத்தைக் காரணம் சொன்ன பிறகுதான் கெட்டது. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்ததைக் குறித்து இயேசுவே லூக்கா 13இல் பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்கிறார். உங்கள் மனசாட்சி குறிப்பாக ஒன்றைக் காட்டினால் அறிக்கை செய்துவிடுங்கள், அது எந்நாளும் நல்லது. காட்டவில்லை என்றால் பழைய குப்பையைக் கிளறிக் காரணம் தேடாதீர்கள். வீடு தேடி வருகிறவர்களிடம், "விளக்கம் வேண்டாம் அக்கா, ஒரு சங்கீதம் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்று தைரியமாகச் சொல்லலாம். நான் சொன்னேன். ஒருவர்தான் கோபித்துக்கொண்டார்.

ஐந்தாம் படி: பணப் பிரச்சினை என்றால் கணக்கை ஜெபத்துக்குக் கொண்டுவாருங்கள்

கடன்காரன் தன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்திருக்கிறான் என்று ஒரு விதவை எலிசாவிடம் அழுகிறாள் (2 இராஜாக்கள் 4). தீர்க்கதரிசி எலிசா உடனே கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதைத்தான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அற்புதம் நடந்தபிறகும், எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீந்ததைக்கொண்டு பிழைத்துக்கொள் என்று முறையாகச் சொல்லி அனுப்புகிறார்.

ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதி என்று எழுதுங்கள். நானும் கணவரும் ஏழு மாதம் ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்த சின்னச் சின்னக் கடன்கள் அந்தத் தாளில்தான் வெளியே வந்தன. எழுதி முடித்து அதன்மேல் கை வைத்து ஜெபித்தோம். அதற்குமுன் ஜெபித்ததெல்லாம் மேலோட்டம் என்று அப்போது புரிந்தது. தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். 2020இல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க அனுமதித்தது. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைச் சரியாகக் கவனிக்காமல் ஆறு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டோம். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கடனை அடைக்கக் கந்துவட்டிக்குப் போகாதீர்கள். இன்ன தொகையை விதையாக விதைத்தால் நூறு மடங்காகத் திரும்ப வரும் என்று கேட்கிற ஊழியர்களுக்குக் கடன் வாங்கிக் காணிக்கை அனுப்பாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. விதவையின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களைப் பற்றி இயேசு என்ன சொன்னார் என்பது மாற்கு 12இல் இருக்கிறது.

ஆறாம் படி: கோவிலுக்குத் திரும்பப் போவது

கோவில்கள் திறந்தபிறகும் நான் நாலு மாதம் போகவில்லை. "கடை எப்படிப் போகுது?" என்று கேட்பார்களே என்ற கூச்சம்தான் காரணம். ஆண்டவரைவிட மனுஷரின் கேள்விக்குப் பயந்தேன். இப்படிச் செய்யுங்கள்: இரண்டாம் மணி அடித்தபிறகு போங்கள், அப்போது வாசலில் யாரும் நிற்கமாட்டார்கள். கதவோரமாக உட்காருங்கள். யாராவது கேட்டால் சொல்ல ஒரே வாக்கியத்தை முன்னாலேயே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் சிரமம்தான், ஜெபத்துல நினைச்சுக்கோங்க" என்பது என் வாக்கியம். பொய்யும் இல்லை, கதையும் வளராது. போதகர் ஐயாவிடம் மட்டும் ஒரு நாள் தனியாக முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

நான் போன முதல் ஞாயிறு, கடைசி வரிசையில் ஒரு வயதான பெரியம்மா தள்ளி உட்கார்ந்து, "வாளா, இங்க இடம் இருக்கு" என்றார்கள். கீர்த்தனை பாட வாய் வரவில்லை. பக்கத்தில் அவர்கள் சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தார்கள், கேட்டுக்கொண்டிருந்தேன். காணிக்கைப் பை வந்தது. என் பர்ஸில் பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு. யாருக்கும் தெரியக்கூடாதென்று மூடிய கையைப் பைக்குள் விட்டு, விரல்களை விரித்து, வெறுங்கையாய் வெளியே எடுத்தேன். முகம் சுட்டது. பெரியம்மா நேரே பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, காணிக்கைப் பாட்டு தொடங்கியதும், அவர்கள் என் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து விரல்களை மூடிவிட்டார்கள். ஒன்றும் பேசவில்லை. ஐந்து ஞாயிறு இப்படி நடந்தது. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயருக்கு எழுதின நிருபம் ஏன் அவ்வளவு அழுத்திச் சொல்கிறது என்பது எனக்குப் புரிந்தது அந்த வரிசையில்தான். நம்மால் பாட முடியாதபோது நமக்காகவும் சேர்த்து யாரோ பாடுகிறார்கள்.

அதனால் உங்கள் சபையில் ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடியுங்கள். ஆலோசனை சொல்கிறவராக இல்லாமல், பக்கத்தில் உட்காரத் தெரிந்தவராக இருக்கட்டும்.

ஏழாம் படி: ஜெபத்தைச் சின்னதாக்குங்கள், ஆனால் நேரம் மாற்றாதீர்கள்

பழையபடி ஒரு மணி நேரம் ஜெபிக்க முடியாது. முயற்சி செய்து தோற்று, குற்ற உணர்ச்சியில் எல்லாவற்றையும் விடுவதைவிட, ஐந்து நிமிஷத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலையில் உலையில் அரிசி போட்டதும் அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தேன். நாளுக்கு ஒன்று, ஐந்து மாதத்தில் 150ம் முடியும். 119ஐ மட்டும் பிரித்துக்கொள்ளலாம். மனம் ஒட்டாவிட்டாலும் வாசியுங்கள், காது கேட்கட்டும். சொந்த வார்த்தை வராத நாட்களில் மாற்கு 9இல் ஒரு தகப்பன் சொன்ன வரி போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அதுவும் வராவிட்டால் பெருமூச்சு விடுங்கள். அதை ஜெபமாக்குகிற ஆவியானவரைப் பற்றி ரோமர் 8 சொல்கிறது.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்கு முன் நடிக்காதீர்கள். அவர்களுக்குத் தெரியும்.

எட்டாம் படி: பதில் "இல்லை" என்று வந்தால்

சில முட்கள் எடுபடுவதில்லை. தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி அப்போஸ்தலன் பவுல் மூன்று முறை கேட்டார், "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான் பதில். இதை மேடையில் சொல்வது சுலபம். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்து காட்டிய ஒருவரைச் சொல்கிறேன். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக ஓடிக்கொண்டிருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார்கள். அப்போது வயது 63. சுகத்துக்காக ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? பழைய நடமாட்டம் திரும்பவில்லை. 1951 ஜனவரியில் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஒரே அறை. அங்கிருந்தே கடிதங்கள், புத்தகங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். டோனாவூரில் அவர்கள் கல்லறைமேல் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்னொருவர் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க். 1706இல் வந்தார், டேனிஷ் கோட்டையில் நாலு மாதம் சிறையில் கிடந்தார், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார், பழைய ஏற்பாட்டில் ரூத் வரை மொழிபெயர்த்து 1719இல் 36 வயதில் இறந்துபோனார். மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ச். சீகன்பால்க் கடைசியாகத் தமிழில் கொண்டுவந்த அந்த ரூத் புத்தகத்தில்தான் நகோமி வருகிறாள். புருஷனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்பி, "என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள்" என்கிறாள். கசப்பு என்று தனக்கே பேர் வைத்துக்கொண்ட அந்த நாளிலும் அவள் ஆண்டவருடைய ஊருக்குள்தான் நடந்து வந்திருக்கிறாள். பதில் கிடைக்காதவர்கள் ரூத் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள், நாலு அதிகாரம்தான்.

ஒன்பதாம் படி: முடியும் முன்பே சாட்சி சொல்லுங்கள்

நம் சாட்சி நேரங்களில் ஒரு குறை உண்டு. வேலை கிடைத்தவர்தான் எழுந்து நிற்கிறார், கிடைக்காதவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இதனால் ஜெபம் கேட்கப்படாதவர் தான் ஒருவர் மட்டுமே என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம்.

2022இல் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் நான் எழுந்தேன். கடை போய்விட்டது, கடன் இன்னும் இருக்கிறது, கணவர் வேறொருவர் கடையில் கணக்கு எழுதப் போகிறார், நான் தையல் எடுத்துச் செய்கிறேன், ஆண்டவர்மேல் எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது, ஆனாலும் அவரை விட்டு எங்கே போவேன் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் "அல்லேலூயா" சொல்லவில்லை. கூட்டம் முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எப்போதும் பளிச்சென்று பட்டுச் சேலையில் வரும் ஒரு அக்கா என் முழங்கையைப் பிடித்து மதிலோரமாக அழைத்துப் போனார். மகனை மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்து எட்டு மாதம் ஆகிறது, யாருக்கும் தெரியாது என்றார். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இருட்டும்வரை அந்த மதிலில் உட்கார்ந்திருந்தோம், 13ஆம் சங்கீதத்தை இரண்டு முறை வாசித்தோம், இரண்டாம் முறை அவர் வாசித்தார்.